சேவை அட்டை

பெஞ்சை நகர்த்தாமல் கூட்டுவது கூட்டுவதே இல்லை என்பது அவள் கட்சி. ஆலயத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்திரண்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றையும் இடுப்பால் முட்டி ஒரு சாண் தள்ளி, அடியில் கிடக்கும் மிட்டாய்க் காகிதம், முடிச்சுருள், பிரசங்கம் நீளும்போது யாரோ கிழித்துக் கிழித்துப் போட்ட துண்டுத்தாள் எல்லாவற்றையும் வாரி எடுத்து, மறுபடி இழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷமாக இப்படி மல்லுக்கட்டுவதைப் பார்த்து சபைப் பிள்ளைகள் அவளுக்குப் பெஞ்சக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது போதகரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அந்தச் சனிக்கிழமை கூட்டித் துடைத்தபிறகு, ஒவ்வொரு இருக்கைக்கும் ஓர் அட்டையும் பென்சிலும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து மூன்று நாள் பேசிவிட்டுப் போனதன் பலன் அது. நாலு சுவருக்குள்ளே பாடிக்கொண்டிருந்தால் போதாது, வாசலைத் தாண்டுங்கள், தெருவில் இருப்பவனைப் பாருங்கள் என்று அவர் உருகியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெஞ்சக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. தெருவில் இருப்பவர்களை அவளுக்கு முன்பே தெரியும். பஸ் நிறுத்தத்தில் படுத்துக் கிடப்பவர்கள் பக்கவாசல் குழாயில் முகம் கழுவ வந்தால் கதவைத் திறந்துவிடுவாள். அதற்காகச் செயலாளரிடம் இரண்டு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் போதகர் அட்டையை உயர்த்திக் காட்டினார்.

"ஒருத்தர்கூட வெறும் அட்டையப் போடக்கூடாது. கொடுக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மனுஷன கர்த்தர் படைக்கல."

அட்டையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. பாடம் சொல்லித் தருதல், மருத்துவ உதவி, வாகன உதவி, கணினி, துப்புரவு. பெஞ்சக்கா எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அட்டை போடும் பெட்டி அவள் வரிசைக்கு வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை முதியோர் இல்லத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வண்டியில் கூட்டிப் போவார்கள், நாமும் நாலு பேரோடு போய்க் கூட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குச் சந்தோஷம்கூட. ஐந்தாவது கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

அடுத்த ஞாயிறு செயலாளர் அட்டைகளை வாசித்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகைப் பதிவேடு வாசித்த குரல் இன்னும் போகவில்லை. டாக்டர் மாதத்தில் ஒரு மணி நேரம் இலவசமாக நோயாளிகளைப் பார்ப்பார். பெரிய கார் வைத்திருப்பவர் மாதத்தில் ஒரு நாள் வயதானவர்களை ஏற்றி இறக்குவார். கல்லூரியில் பாடம் நடத்தும் அம்மா மாதம் இரண்டு வகுப்பு எடுப்பார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

"கடைசியா ஒண்ணு" என்று செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதப் படிச்சப்ப கமிட்டில எல்லாருக்கும் நெஞ்சு நெகிழ்ந்து போச்சு. நம்ம பெஞ்சக்கா துப்புரவ சேவையா கொடுத்திருக்காங்க. அதனால ஆலயத்தக் கூட்டுற வேலை இனிமே கூலி வேலை இல்ல. அவங்க கர்த்தருக்குக் கொடுக்கற காணிக்கை. அந்தச் சம்பளம் அப்படியே வெளியில இருக்கற ஏழைகளுக்குப் போகும்."

ஆலயமே எழுந்து தட்டியது. யாரோ அவள் தோளைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டார்கள். போதகர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். கை கதகதப்பாக இருந்தது. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். இத்தனை கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஜெபத்துக்கு நடுவில், ஐயா எனக்குச் சம்பளம் வேண்டும் என்று எவள் சொல்வாள்? எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. வேலையோடு சேர்த்துக் கொடுத்த அறை. புருஷன் கட்டிலில் கிடந்தான். பெயின்டர். சாரம் சரிந்து விழுந்து இடுப்பு எலும்பு நொறுங்கி மூன்று வருஷமாகிறது. ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருந்தது.

"உனக்கு என்ன பைத்தியமா? அதுல ஏன் கோடு போட்ட?"

"வேற எதுல போடச் சொல்ற? டாக்டர் வேலை பாக்கட்டுமா, கார் ஓட்டட்டுமா?"

"வெறுமனே போட வேண்டியதுதானே."

"போடக்கூடாதுன்னுட்டாங்களே."

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என் மருந்துக்கு எங்க போவ?" என்றான். அவள் அவனைப் புரட்டி முதுகைத் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை போதகர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததுமே பேச வந்தது பாதி மறந்துவிட்டது.

"ஐயா, நான் அத வெளியில போய் செய்யறதுக்குன்னுதான் போட்டேன். மாசத்துக்கு ஒரு தடவை, மத்தவங்க மாதிரி."

போதகர் நெற்றியைத் தடவினார். நல்ல மனுஷர். புருஷன் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் விடிய விடிய கூடவே உட்கார்ந்திருந்தவர்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா பீடத்துல வச்சு ஜெபிச்சாச்சே. இப்ப நீங்க பின்வாங்கினா மத்தவங்களும் ஒவ்வொருத்தரா அட்டையத் திருப்பிக் கேப்பாங்க. இப்பத்தான் இந்தச் சபை வெளிய பாக்க ஆரம்பிச்சிருக்கு."

"வேற இடத்துல வேலைக்குப் போகட்டுமா? துணி துவைக்கிற கடையில ஆள் கேக்கறாங்க. காலையில ஆறு மணிக்கே வரணுமாம்."

"காலையில ஆலயத்தக் கூட்டணுமே."

"அதான் ஐயா."

"அந்த அறை கூட்டுறவங்களுக்குன்னுதான் கமிட்டி ஒதுக்கியிருக்கு. நீங்க கூட்டுற வரைக்கும் யாரும் உங்கள எழுப்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு." பிறகு ஏதோ நல்ல யோசனை தோன்றியவராய் முகம் மலர்ந்தார். "ஒண்ணு செய்யறேன். உதவி வாங்கற குடும்பங்க பட்டியல்ல உங்க பேர முதல்ல போடச் சொல்றேன். மாசாமாசம் சாமான் பை கிடைக்கும். சரிதானே?"

தெருவில் நின்றால் அவள் எப்படியாவது பிழைத்துக்கொள்வாள். இடுப்பு ஒடிந்தவனை எங்கே கொண்டுபோய்க் கிடத்துவது? "சரிங்கய்யா" என்றாள். எழுந்தவள் பழக்கதோஷத்தில் நாற்காலியை முந்தானையால் துடைத்து இருந்த இடத்தில் போட்டாள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை முதல் உதவி வழங்கல். சேவை செய்பவர்களுக்கு நீல நிறத்தில் கையில்லாத மேலங்கி தைத்திருந்தார்கள். அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். தொளதொளவென்று முட்டிவரை தொங்கியது. விடிவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டு கூடத்தைக் கழுவினாள், மேஜைகளை இழுத்தாள், பைகளை அடுக்கினாள். ஒன்பது மணிக்கு மற்ற நீல அங்கிக்காரர்கள் வந்து மேஜைக்குப் பின்னால் நின்றார்கள். வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டிருந்தது. குழாயில் முகம் கழுவ வருபவர்களும் அதில் நின்றார்கள். ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

செயலாளர் முதல் பெயரை வாசித்தார். அது அவள் பெயர். கூடத்தின் மூலையில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். டாக்டர் பையை நீட்டினார். படம் எடுக்க வந்தவர் கேமராவைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார்.

"அக்கா, அந்த அங்கியக் கழட்டிடுங்க. கொடுக்கறவங்க யாரு, வாங்கறவங்க யாருன்னு தெரிய வேணாமா?"

கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "படத்துல அதுவும் தெரியுது" என்றார் படம் எடுப்பவர். டாக்டர் அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார். பையின் ஒரு காதை அவர் பிடிக்க, மறு காதை அவள் பிடிக்க, இருவரும் கேமராவைப் பார்த்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

பையை அறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியபோது வரிசையில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டிருந்தார்கள். "பெஞ்சக்கா, இங்க வாங்க" என்று குரல் வந்தது. அவள் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து அங்கியை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள்.