இல்லாத மரத்துக்குப் பக்கத்தில் திரும்பவும்

இந்த மாநிலத்தின் நகரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த நகரங்களுக்கே தெரியாது. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவலாக எடுத்துக்கொண்டால் போதும். பாதி நகரங்களை நேரில் பார்த்திருக்கிறேன். மீதியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பார்த்ததே இல்லை. அதைப் பற்றித்தான் என் கருத்து மிகவும் உறுதியானது.

கல்லூரி நோட்டீஸ் போர்டில் வாரம் ஒரு ஊருக்குத் தீர்ப்பு எழுதி ஒட்டிவந்தேன். தலைநகரத்தில் எல்லாரும் தலைதெறிக்க ஓடுவார்கள். எங்கே என்று பார்த்தால், ஏதாவது ஒரு வரிசையில் போய் நிற்பதற்கு. மலைமேல் இருக்கும் ஊரில் எல்லாவற்றுக்கும் பனிமூட்டம்தான் காரணம். கல்யாணத்துக்கு வராததற்கும் பனிமூட்டம், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு உடனே நழுவுவதற்கும் பனிமூட்டம். ஆற்றங்கரை ஊரில் பாலங்கள் அழகாக இருக்கின்றன. ஆறுதான் லீவில் போயிருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதினால் இலவச ஜெராக்ஸ் நின்றுவிடும்.

ஜெராக்ஸ் கடை அண்ணனுடையது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தால் எங்கள் தெரு பிரியும் முனையில், ஒரு மெஷினும் ஒரு நாற்காலியும் மட்டும் கொள்ளும் கடை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது அந்த மெஷின்தான். என் தீர்ப்புகளை அண்ணன்தான் பெரிதாக்கிக் கொடுப்பான்.

"டேய் நீதிபதி, எந்த ஊர்க்காரனாவது உதைக்கத் தேடி வந்தா, உன்னை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

"மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிடும்ணா."

"அதான்டா என் கவலை."

இருப்பதிலேயே கடுமையான தீர்ப்பு துறைமுக ஊருக்கு. அது அண்ணி பிறந்த ஊர். அங்கே யாரும் இருக்கிற பொருளை வைத்து வழி சொல்ல மாட்டார்கள். "பழைய ஐஸ் ஃபேக்டரி தாண்டி, பெரிய மரத்துகிட்ட திரும்புங்க" என்பார்கள். ஃபேக்டரியை இடித்து ஒரு தலைமுறை ஆகியிருக்கும். மரம் ஏதோ ஒரு புயலில் போயிருக்கும். அண்ணன் பெண் பார்க்கப் போனபோது இந்த வழியைக் கேட்டுக்கொண்டு கொதிக்கும் வெயிலில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். கடைசியில் வியர்வையோடு போய் நின்றவனைப் பார்த்து அண்ணியின் அப்பா, "மரம் இல்லாத இடத்துலதானே மாப்பிள்ளை திரும்பணும்? இது ஒரு கஷ்டமா?" என்றாராம்.

'செத்துப்போன பொருள்களைக் காட்டி உயிரோடு இருப்பவர்களைத் தொலைக்கும் ஊர்' என்று எழுதினேன். அண்ணி படித்துவிட்டு, "தம்பி, எங்க ஊருக்கு ஒரு தடவை வாங்க. வழி நானே சொல்றேன்" என்றாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் மெஷினில் இரண்டு ஜெராக்ஸ் கோணலாக விழுந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அண்ணன் போய்விட்டான். கடையில்தான், நாற்காலியில் சாய்ந்தபடி. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பாமல் நின்றிருக்கிறார். அவர் மிகவும் நல்ல மனிதர். அவர் கொஞ்சம் மோசமான மனிதராக இருந்திருக்கலாம்.

கட்டடத்தின் சொந்தக்காரர் கடையைத் திரும்பக் கேட்டார், கொடுத்தோம். மெஷினை வாங்க ஆள் கிடைக்காததால் வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டோம். அண்ணி தினமும் அதைத் துடைத்தாள். நான் தீர்ப்பு எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்பது என் வாசகர்களைப் பற்றிய தீர்ப்பு.

பிறகு ஒரு காலையில் அண்ணியின் அப்பா வந்து இறங்கினார். அவளைக் கூட்டிக்கொண்டு போக.

அவர் குளிக்கப் போன நேரத்தில், அண்ணி சமையலறைப் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தடுத்துப் பார்த்தேன்.

"அந்த ஊருக்கா அண்ணி? பாதி வழியில நீங்களே தொலைஞ்சிடுவீங்க."

அவள் சிரிக்கவில்லை. நான் அடுத்த நகைச்சுவையைத் தேடினேன். எதுவும் இல்லை.

"இருங்களேன், அண்ணி."

"இருந்து? நீங்க காலேஜுக்குப் போயிடுவீங்க. நான் நாள் பூரா மெஷின்கூடப் பேசிட்டு இருக்கவா?" ஒரு டம்ளரைச் சுற்றி முடித்தாள். "நேத்து காய்கறிக்காரம்மா, செல்போன் கடைக்கு எதிர்ல வண்டி போட்டிருக்கேன், வாங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு எங்கன்னே புரியல தம்பி. தெரு முனை வரைக்கும் போய்த் தேடுறேன். அப்புறம்தான் தெரியுது, நம்ம கடைதான்."

"கவர் விக்கிறாங்க. போனுக்கு."

"ம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அதுக்குள்ள."

எல்லா ஊருக்கும் பதில் வைத்திருந்தவன் நான். அவள் கையிலிருந்த பேப்பரை வாங்கி அடுத்த டம்ளரைச் சுற்றத் தொடங்கினேன். மோசமாகச் சுற்றினேன், அவள் பிரித்துத் திரும்பச் சுற்றினாள்.

சாமான் ஏற்ற வரவேண்டிய வேன் வரவில்லை. மதியம் டிரைவர் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறானாம். அண்ணியின் அப்பா கொஞ்ச நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. நான் சொன்னா அவன் இந்த வருஷம் வந்து சேர மாட்டான்."

வாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, நேரா வாங்க. தெரு பிரியிற முனையில எங்க அண்ணன் ஜெராக்ஸ் கடை இருக்கும். அங்க இடது பக்கம் திரும்புங்க. மூணாவது வீடு."

"முனையிலதான் தம்பி நிக்கிறேன். ஜெராக்ஸ் கடையே இல்லையே. செல்போன் கடைதான் இருக்கு."

அண்ணி பேப்பர் சுற்றும் சத்தம் நின்றது.

"ஜெராக்ஸ் கடைதான்" என்றேன். "இடது பக்கம் திரும்புங்க."