பாட்டுக்கு அடியில் கிடந்த சத்தம்

எங்கள் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று என் கணவர் சந்திரசேகரனுக்குத் திடீர் ஆசை. தொண்ணூற்றெட்டில் ஊரெல்லாம் இதே பைத்தியம்தான். டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டதாம், சிடியில் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கெடாதாம். கெட்டால்தான் என்ன!

ஞாயிறு மத்தியானம், ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் ஜன்னலைக்கூடச் சாத்திவிட்டார்.

"டேப் ஓடுற ரெண்டு மணி நேரமும் யாரும் எதையும் தொடக்கூடாது. கரண்ட் ஆடுச்சுன்னா கம்ப்யூட்டர் ஜாம் ஆயிடும், மறுபடி முதல்லேருந்து. காத்தாடியும் போடாத. வந்து உக்காரு லா."

உட்கார்ந்தேன். எனக்கென்ன பயம்? வீடியோக்காரர் அப்துல் ரசாக் மண்டபத்துச் சத்தத்தின் மேல் முழுக்க நாதஸ்வரத்தை ஏற்றிக் கொடுத்திருந்தார். புண்ணியவான். தாலி கட்டுவதற்குச் சற்றுமுன் நான் அப்பாவிடம் சொன்னது அதற்கு அடியில் போய்விட்டது. பன்னிரண்டு வருடமாக அது இவருக்குத் தெரியாது.

படம் வந்தது. நாதஸ்வரம் வரவில்லை. ஏதோ குழந்தை அழுதது, யாரோ வாழையிலை போதாது என்று கத்தினார்கள்.

"பாட்டு எங்கங்க?"

"இது ஆபீஸ்ல இரவல் வாங்குன ஹைஃபை பிளேயர். மேல ஏத்துன பாட்ட விட்டுட்டு அடியில உள்ள அசல் சத்தத்தப் படிக்குது. நல்லதுதானே!"

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன்; முகூர்த்தம் நெருங்கியது. "தலை வலிக்குது, நிறுத்துங்க" என்று வயரைப் பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அரை மணி ஓடிடுச்சு, லெட்சுமி. இப்ப நிறுத்துனா எல்லாம் போச்சு."

திரையில் தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மணவறையில் குனிந்திருந்த நான் அப்பா பக்கம் தலையைத் திருப்பினேன்.

"அப்பா, எனக்கு இவர் வேணாம்பா. வீட்டுக்குப் போயிடலாம்பா."

"வாய மூடு. எல்லாரும் பாக்குறாங்க."

இவர் பக்கம் திரும்பினேன்.

"அது... அன்னிக்கு ஏதோ பயத்துலங்க..."

"தெரியும்" என்றார். "பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். அன்னிக்கே கேட்டுச்சு."

கேட்டுக்கொண்டேதான் கட்டினாரா? அடப்பாவி! இவர் மனம் நொந்துவிடக்கூடாதே என்று இத்தனை வருடம் நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே! ஆத்திரத்தில் எழுந்தேன்.

"உக்காரு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தாலி கட்டுறது இப்பத்தான் வருது."