சிரோன்மணி நின்ற அளவு

எழுபது முடிந்தவர்கள் நிற்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதால், சிரோன்மணி தலைக்குக் குளித்துவிட்டுக் காலையிலேயே நிற்பளவு ஆபீசுக்குக் கிளம்பினார்.

அனுமதி கிடைக்காதவர்கள் நாற்காலியாகிவிடுவார்கள். அவருடைய மதினி லில்லிபாய் போன வருஷம் அப்படித்தான் ஆனாள். நல்ல தேக்கு. மகன் வீட்டு முன்னறையில் கிடந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் உட்காரச் சொல்கிறாள். யாருக்கும் மனசு வருவதில்லை. சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் வேறு வழியில்லை.

சிரோன்மணிக்கு நாற்காலியாக விருப்பமில்லை. அவர் வீட்டு ஜன்னல் உயரத்தில் இருந்தது. நின்றால்தான் தெரு தெரியும். தெருவைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஆபீஸ் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. பசி வந்த பிறகுதான் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். அளப்பவர் பெயர் பரமகுரு. தங்கமான மனிதர், சட்டம் பேசுவார். சிரோன்மணியின் இடுப்புக்குப் பின்னால் கயிறு கட்டி, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். கீழே அரிசி மாவைப் பரப்பினார். கண்ணை மூடி, பாதங்களைச் சேர்த்து நிற்க வேண்டும். உடம்பு ஆடினால் குண்டு மாவில் கோடு போடும். கோடு குறைவாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே மாதிரியும் வர வேண்டும்.

முதல் தடவை மாவில் நண்டு நடந்திருந்தது. இரண்டாம் தடவை ஒரு ஜில்லாவின் வரைபடம் வந்தது, ஆறுகளோடு.

“ரெண்டும் ரெண்டு ஆளு மாதிரில்லா இருக்கு. எந்த ஆளுக்கு அனுமதி குடுக்க?”

“ரெண்டும் நாந்தான் சார்.”

“அத மாவு சொல்லணும்.”

சிரோன்மணியின் முழங்காலிலிருந்து வார்னிஷ் வாசனை வந்தது. அவர் பயந்துபோனார். கடைசியாக ஒரு வாய்ப்பு தருவதாகச் சொல்லி, பரமகுரு மாவைத் தடவிச் சமன் செய்தார்.

அறைக்கதவு திறந்திருந்தது. நம் ஊரில் ஒருவர் மேஜைக்கு முன்னால் அசையாமல் நின்றால் போதும், பின்னால் ஆள் வந்துவிடும். ஒரு பெண் பையோடு வந்து நின்றாள்.

“யக்கா, என்ன குடுக்காங்க?”

“குடுத்தாத்தான் தெரியும்” என்றார் சிரோன்மணி, கண்ணைத் திறக்காமலே.

“சரி, குடுக்கட்டும்.”

அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. தாழ்வாரமும் தன் பங்குக்கு நீண்டு கொடுத்தது.

மூடிய கண்ணுக்குள் சிரோன்மணிக்குத் தேங்காய் எண்ணெய் மணத்தது. பிடரியில் யாரோ விட்ட மூச்சு பட்டது. ரேஷன் கடை, தண்ணீர் லாரி, ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல்: அவர் கால்கள் நிற்கப் படித்த இடங்கள் இவைதாம். தனியாக நிற்க அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பு தானாக அமைதியானது.

பரமகுரு குனிந்து பார்த்தார். மாவில் ஒரு புள்ளி. மறுபடி அளந்தார். அதே புள்ளி. அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

“பின்னால யாராவது தொட்டாங்களா?”

“தொடல சார். நின்னாங்க.”

பின்னால் ஆள் நிற்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. சிரோன்மணியின் புறங்காலில் முத்திரை குத்தினார்.

சிரோன்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர்கள் யாருக்கும் அவர் பெயர்கூடத் தெரியாது. வரிசையோடு நடந்து ஒவ்வொருவரையும் கும்பிட்டு நன்றி சொன்னார். அவர்கள் கவலையோடு, சாமான் தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்டார்கள். இல்லை, இன்னும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

வரிசையின் கடைசியில் மண்ணெண்ணெய் கேனோடு ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் யாருமில்லை. இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார். முழங்காலில் வார்னிஷ் வாசனை.

சிரோன்மணி வீட்டையும் ஜன்னலையும் நினைத்துக்கொண்டார். பிறகு பெரியவருக்குப் பின்னால், தொடாமல், போய் நின்றார்.

ஆட்டம் நின்றது.

“என்னம்மா குடுக்காங்க?” என்று பெரியவர் திரும்பாமலே கேட்டார்.

“எனக்குக் கெடைச்சிட்டு அண்ணாச்சி. நல்ல சாமான். நீங்க நில்லுங்க.”

சிரோன்மணிக்குப் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது.