திரும்ப எடுத்த தேதி

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிப்படி ஏறினால் என் கடை. ‘சுசீலா தட்டச்சு, ஜெராக்ஸ், பாஸ்போர்ட், விசா’ என்று பலகை இருக்கும். கடைசிச் சொல்லைப் பெரிதாக எழுதச் சொன்னபோது இடம் பத்தாது என்றான் பெயிண்டர். அப்படியானால் என் பெயரைச் சின்னதாக்கு என்றேன். வாயைத் திறந்தால் சண்டைதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக்கூடத் தப்பாக நிரப்பாதவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் தேயிலை படுத்துக் கிடந்தது. எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு நாலு நாள் வேலை, சில இடங்களில் மூன்றே நாள். ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மெஷினில் அடித்த கடிதங்களில் பாதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்கும் கடிதங்கள். ஊரே மூட்டை கட்டும்போது இங்கிலாந்துக்கு மூன்று மாதம் போய்த் திரும்பி வரவேண்டும் என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

அவள் பெயர் செல்லக்கண்ணு. ஐம்பத்து நாலு வயது. ஜெகதளாவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் தேவியைக் கோயம்புத்தூரில் நர்ஸ் படிக்க வைத்தாள். தேவி இப்போது இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். செப்டம்பர் மூன்றாம் வாரம் அவளுக்குப் பிரசவம்.

“தலைப்பிள்ளைங்க டீச்சர். மாப்பிள்ளை அஜய் தங்கமான பையன்தான். ஆனா அவனுக்கு என்ன தெரியும்? நான் பக்கத்துல இருக்கோணும்” என்றாள். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

நான் விதிகளைச் சொன்னேன். விசிட்டர் விசா ஆறு மாதத்துக்குத் தருவார்கள். அங்கே வேலை செய்யக் கூடாது. செலவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அது தேவியின் சம்பளச் சீட்டிலேயே தெரியும். எல்லாவற்றையும் விட முக்கியம், திரும்பி வருவேன் என்று அவர்களை நம்ப வைக்க வேண்டும்.

“வருவேன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா?”

“சொன்னா பத்தாதுங்க்கா. காகிதத்துல காட்டோணும்.”

செல்லக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தத் தலையாட்டலை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் காகிதங்களை நானே அடுக்கி, உறையில் போட்டு, இங்கிலாந்து விசா ஆபீஸில் கொடுக்கச் சொல்லி செல்லக்கண்ணுவைச் சென்னைக்கு ரயில் ஏற்றி அனுப்பினேன். தேவியின் கடிதம், சம்பளச் சீட்டு, டாக்டர் சான்று, எஸ்டேட் லீவு கொடுத்த தாள், எல்லாம் இருந்தது. ஜூன் இரண்டாம் வாரம் மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு செல்லக்கண்ணு மாடிப்படி ஏறி வந்தாள். முகத்தில் அழுகை இல்லை, குழப்பம்தான் இருந்தது. நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

“விண்ணப்பதாரர் தன்னிடம் இருந்த வேலைச் சாமான்களை எஸ்டேட்டில் ஒப்படைத்து, பாக்கி ஒன்றும் இல்லை என்று சீட்டும் பெற்றிருக்கிறார். ஆகவே அவர் வேலையை விட்டுவிட்டதாகத் தெரிகிறது. திரும்பி வருவார் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தச் சீட்டு? நான் அப்படி ஒரு சீட்டே வைக்கலையே!”

“நான்தானுங்க வெச்சேன். எல்லாத்துக்கும் மேல வெச்சேன்.”

விஷயம் இதுதான். எஸ்டேட்டில் நாலு நாளைக்கு மேல் லீவில் போகிற பெண்கள் கொழுந்து வெட்டும் கத்திரியையும், கூடையையும், மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கையும், வருகைப் பதிவு எடுக்கும் மஸ்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கிளார்க் பதிவேட்டில் எழுதிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார். செல்லக்கண்ணு விசாவுக்குப் போடும் முன்பே சாமானை ஒப்படைத்து, அந்தச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, என் அடுக்குக்கு மேலே மகுடமாக வைத்துவிட்டாள். காகிதத்தில் காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன் அல்லவா? தன்னிடம் இருந்த மிக யோக்கியமான காகிதத்தைக் காட்டியிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “யாருங்க்கா அதை வெக்கச் சொன்னது? நான் ஒருத்தி இங்க எதுக்குக் குத்த வெச்சிருக்கேன்? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” என்று கத்தினேன். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“எஸ்டேட் சாமானைத் தூக்கிட்டுச் சீமைக்குப் போறவன்னு அந்த ஆபீசர் நெனைச்சுப்புடக் கூடாதுங்களே டீச்சர்” என்றாள் மெதுவாக.

ஒரு கத்திரிக்காக இங்கிலாந்து அரசாங்கம் கவலைப்படும் என்று நினைத்த பெண்ணை மேலும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்தவன் தங்கவேலு. பஸ் ஸ்டாண்டில் புரோக்கர். அவனுக்கு என் கடை வாசற்படியில் நிற்கவே யோக்கியதை கிடையாது. ஆனால் அன்று உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“ஏனுங்க, இதுக்குப் போயி இப்படிச் சத்தம் போட்டுட்டு! அம்மா பேர்ல ரெண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிற மாதிரி காகிதம் பண்ணிக்கலாம். எஸ்டேட்ல சூப்பர்வைசர்னு ஒரு லெட்டர். தோட்டம் இருக்கிறவ எங்க போயிருவா? கண்ணை மூடிட்டுக் குடுப்பான்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். செப்டம்பருக்கு மூன்று மாதம்தான் இருந்தது. இன்னொரு முறை மறுத்தால் அந்தப் பெண் தனியாகத்தான் பிள்ளை பெறுவாள். செல்லக்கண்ணுவைப் பார்த்தேன்.

அவள் தங்கவேலுவைப் பார்த்துக் கேட்டாள்: “இல்லாத தோட்டத்துக்கு நான் எப்படித் தம்பி திரும்பி வருவேன்?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறாள். நான் எழுந்து, ஸ்டூலைத் தங்கவேலுவிடமிருந்து வாங்கி மூலையில் வைத்தேன். அவன் இறங்கிப் போனான். அந்த ஒரு நிமிஷ யோசனைக்காக என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மறுநாளே செல்லக்கண்ணு கத்திரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு தேயிலைக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஜெகதளாவுக்குப் பஸ் ஏறினேன். யாருக்காகவும் அப்படிப் போனதில்லை.

எஸ்டேட் மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் பயந்திருந்தார். “வேலையைப் பத்திரமா வெச்சிருப்போம்னு நான் எப்படிங்க எழுதுவேன்? மூணு மாசத்துல எஸ்டேட்டே தொறந்திருக்குமான்னு எனக்கே தெரியாது. தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார். அதுவும் நியாயம்தான். பொய்க்குப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் அன்றைக்கென்று எனக்கு எதிரே வந்து நின்றார்கள்.

வெளியே வந்தபோது மஸ்டர் ஆபீஸ் திண்ணையில் கிளார்க் மயில்சாமி ஒரு தடித்த பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆற்றாமையில் அவரிடம்தான் புலம்பினேன். கத்திரியை ஒப்படைத்ததால் வேலையை விட்டுவிட்டாள் என்று எழுதிவிட்டார்களே என்றேன்.

மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார். “உட்டுட்டுப் போறவன் எவனுங்க கத்திரியைக் குடுத்துட்டுப் போறான்? இந்த வருஷம் மட்டும் நாப்பது பேரு திருப்பூருக்கு ஓடிட்டாங்க. ஒரு கத்திரி திரும்பி வரல. வர்றவதான் குடுத்துட்டுப் போவா.”

“அந்தப் பதிவேட்டைக் காட்டுங்க” என்றேன் நான்.

நம்பர் நூற்றிப் பதினாலு, செல்லக்கண்ணு. பதிவேட்டில் இரண்டு கட்டங்கள். ‘ஒப்படைத்த தேதி’, ‘திரும்ப எடுத்த தேதி’. மயில்சாமி பழைய பதிவேடுகளையும் தூசி தட்டி எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒன்பது முறை ஒப்படைத்திருக்கிறாள். தேவி பிறந்தபோது, அம்மா செத்தபோது, புருஷனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது. அவன் செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் கத்திரியை எடுத்திருக்கிறாள். இந்த விசாவுக்காக ஒப்படைத்ததையும் சேர்த்து ஒன்பது முறையும் சொன்ன தேதிக்குள் எடுத்திருக்கிறாள், ஒருநாள் பிந்தியது கிடையாது. பக்கத்தில் அவள் கையெழுத்து. ஆரம்பத்தில் கைநாட்டு. தேவி பள்ளிக்கூடம் போன வருஷத்திலிருந்து கோணல் மாணலாக எழுத்து.

இதைவிடப் பெரிய காகிதம் இந்த உலகத்தில் எவனிடம் இருக்கிறது? ரெண்டு ஏக்கர் தோட்டமாம்!

எஸ்டேட் ஆபீஸிலேயே எடுத்த பதிவேட்டு ஜெராக்ஸின் ஒவ்வொரு பக்கத்திலும் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். தெரிந்ததை எழுதுவதற்கு அவருக்குத் தயக்கமே இல்லை. நான் ஒரு பக்கத்தில் அந்த வழக்கத்தை ஆங்கிலத்தில் விளக்கி அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். செப்டம்பர் இரண்டாம் தேதியிலிருந்து லீவு, டிசம்பர் இரண்டாம் தேதி மஸ்டருக்கு வரவேண்டும் என்று புதிதாக லீவுத் தாள் வந்தது. லீவுக்குக் கொஞ்சம் முன்பே, விண்ணப்பத்துக்காக, அவள் மறுபடியும் சாமானை ஒப்படைத்தாள். பதிவேட்டில் பத்தாவது வரி; அதன் ஜெராக்ஸையும் சேர்த்துக்கொண்டேன். ‘திரும்ப எடுத்த தேதி’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அந்தச் சீட்டை இந்த முறை நானே எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

இந்தத் தடவை விசா ஆபீஸில் நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். ஆகஸ்ட் கடைசியில் நானும் சென்னைக்குப் போனேன். உள்ளே என்னை விடவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடியில் நின்று மூன்று மணி நேரம் வெந்தேன். செல்லக்கண்ணு குன்னூரில் போட்ட ஸ்வெட்டரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

“பொம்பள ஆபீசருங்க. தமிழ்ல சொல்றதுக்கு ஒரு ஆளு பக்கத்துல. தேயிலை கெட்டுக் கிடக்குதாமே, வாரத்துக்கு மூணு நாளுதான் வேலையாமேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். மக அங்கயே இருந்துக்கோன்னு சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“சொல்லுவா, அழுவா, ஆனா நான் வந்துருவேன்னேன். ஏன்னு கேட்டாங்க. அங்க நான் தேவியோட அம்மாங்க, இங்க நான் செல்லக்கண்ணு. அப்படின்னேன். அந்தம்மா பதிவேட்டு ஜெராக்ஸைப் பொரட்டிப் பார்த்தாங்க. அப்புறம் இந்தக் கடைசிக் கட்டம் ஏன் காலியா இருக்குன்னு கேட்டாங்க. அதை ரொப்பறதுக்குத்தான் நான் திரும்பி வரோணும்னேன்.”

விசா வந்தது, ஆறு மாதத்துக்கு. அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமை, என் தம்பி பேங்க் பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட வரவில்லை. நடுரோட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

நவம்பரில் தேவி எனக்கு போன் செய்தாள். “ஆறு மாசம் விசா இருக்குதுங்க ஆன்ட்டி. மூணு மாசத்துல கெளம்பறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. எஸ்டேட் இருக்குமோ, போகுமோ, அங்க வந்து என்ன பண்ணப்போறாங்க?” என்று அழுதாள். விதிப்படி இருக்கலாம், தப்பே இல்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். செல்லக்கண்ணுவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது மட்டும் முடியாது என்றேன். அந்த வேலை என்னால் ஆகாது.

டிசம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை. மலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கடை திறந்ததும் மயில்சாமிக்கு போன் போட நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கேட்பதே அவளைச் சந்தேகப்படுவது மாதிரி இருந்தது.

சாயங்காலம் நாலரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். செல்லக்கண்ணு வந்தாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. கையில் மஸ்டர் பதிவேடு. மயில்சாமி அதை ஆபீஸை விட்டு வெளியே கொடுத்தது சரித்திரத்திலேயே இல்லை. பத்தாவது வரியைத் திறந்து என் மேஜையில் வைத்தாள். காலிக் கட்டத்தில், ‘2.12.2002’. பக்கத்தில் கோணல் மாணலாகக் கையெழுத்து.

“இதை ஒரு ஜெராக்ஸ் எடுங்க டீச்சர். சென்னையில அந்த ஆபீசரம்மாவுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்போணும்.”

“அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க்கா. விதியில அப்படி எதுவும் இல்லையே.”

“அவங்க கேக்கலைங்க. நான் சொல்லியிருக்கேன்.”

ஜெராக்ஸ் எடுத்தேன். மெஷினில் வெள்ளைத் தாளை மாட்டி, “கூட என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன்.

செல்லக்கண்ணு அந்தக் கட்டத்தின் மேல் கறை படிந்த விரலை வைத்தாள். “அதுலயே எழுதியிருக்குதுங்களே” என்றாள்.

நான் வெள்ளைத் தாளை உருவி எடுத்துவிட்டு, உறையில் முகவரியை மட்டும் அடித்தேன்.