பூவத்தூர் மதகும் ஆலங்குறிச்சிப் பாலமும்

பிரச்சார வேன் வர அரைமணி நேரம்கூட இல்லை. உத்திராபதியோ தார்ரோட்டில் காயப்போட்ட நெல்லை அள்ள மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

“ஓரமாவாவது தள்ளுங்க. நம்ம மதகப் பத்தித்தான பேச வர்றாரு,” என்றாள் மலர்கொடி.

“பாதி வயல்தான் வெளஞ்சிருக்கு. அதையும் வேனு மிதிக்கணுமா? சுத்திக்கிட்டு வரட்டும், புள்ள.”

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. மதகு உடைந்து மூன்று வருஷம். கடைமடையான பூவத்தூருக்குத் தண்ணீர் சரியாக ஏறுவதில்லை. மைக்கில் ஊரறிய ஒரு வார்த்தை வாங்கிவிட்டால், ஜெயித்தபின் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்று மலர்கொடி கணக்குப் போட்டிருந்தாள். கட்சிக்காகச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் துண்டுச்சீட்டு எழுதுவது அவள்தான். ஊருக்கொரு சீட்டு: சாமி பேர், சமீபத்துச் சாவு, ஊர்க்குறை. வேட்பாளர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி உருகுவார். எழுதிக்கொடுத்த இவளுக்கே கண் கலங்கிவிடும். பொல்லாத வாய் அது.

வேன் சுற்றித்தான் வந்தது. பூவத்தூருக்கு அடுத்துப் போகவேண்டிய ஆலங்குறிச்சிக்கு முதலில் போய்விட்டு வந்தது. ஆரத்தித் தட்டுகளுக்கு முன்னால் மலர்கொடி போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தாள். வேட்பாளர் மைக்கைப் பிடித்தார்.

“நான் உங்க வீட்டுப் பிள்ளை. ஐயாவு ஐயா போயிட்டாருன்னு கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. உங்க பாலத்தக் கட்டாம இந்த மண்ணுல கால் வைக்கமாட்டேன்.”

ஐயாவு ஆலங்குறிச்சிக்காரர். பாலமும் அவர்களுடையது. ஊர் முன்பின் மாறியதைக் கவனிக்காமல், சீட்டை அடுக்கிய வரிசையிலேயே மனுஷன் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். மலர்கொடி கையை ஆட்டிக் கத்தினாள். அதற்குள் வெடி வெடித்தது, வேன் கிளம்பிவிட்டது. மூன்று வருஷக் காத்திருப்பு நெல் காயப்போட்டதில் போயிற்றே என்று அவள் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். உத்திராபதிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை, நெல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஆலங்குறிச்சி சாவித்திரி.

“அக்கா, உங்க மதகு எங்க போன்ல இருக்கு. எங்க பாலம் உங்ககிட்ட இருக்கா?”

பூவத்தூர்ச் சீட்டை அங்கே படித்திருக்கிறார் என்பது மலர்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். “இருக்குடி. சோறு எறங்காததுலேருந்து முழுசா இருக்கு.”

“எங்க ஊர்லயும் எறங்கலக்கா.”

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. படங்களை மாற்றி அனுப்பிக்கொண்டு போட்டுப் பார்த்தார்கள்; இரண்டு போன்களிலும் அதே குரல் ஒரே நேரத்தில் தழுதழுத்தது. உத்திராபதி யாரும் சொல்லாமலே பலகையை எடுத்து, ஒரு ஸ்கூட்டி வரும் அகலத்துக்கு நெல்லை விலக்கத் தொடங்கினார்.