துண்டுக்குள் எட்டாயிரம்

ஒரு வலைத்தளம் செய்து கொடுக்க எவ்வளவு கேட்பது என்று பதினோரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சென்னையில் ஒரு கம்பெனி இதே வேலைக்கு இருபத்தைந்தாயிரம் வாங்கியது. என்னோடு படித்த அனிஷா மதுரையில் நாலாயிரத்துக்கு ஒன்று செய்துவிட்டு, அலைச்சலிலேயே பாதி போய்விட்டது என்று போனில் அழுதாள். அம்மா இஞ்ஞாசியம்மாளிடம் கேட்டேன்.

"உக்காந்த எடத்துல தட்டுறதுக்கு எம்புட்டுடி கேப்ப? பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா ஒரு ஜாக்கெட்டுக்கு முப்பது ரூவா வாங்குறா. நூலும் அவளோடது" என்றாள்.

"எனக்கும் நூல் என்னோடதுதாம்மா" என்றேன். கோபத்தில் வந்த பதில். அர்த்தம் எனக்கே தெரியாது.

கோபம் சும்மா வரவில்லை. ஊரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை, மாதம் இரண்டாயிரம் சம்பளத்தில், என்னை விழுங்கக் காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா கிறிஸ்துராஜ் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், கணக்காகவே பேசினார்.

"நான்சி, மொத வேலையிலயே நாலு மாசச் சம்பளம் வந்துச்சுன்னா வீட்டுல இருந்தே பாரு. வரலேன்னா ஸ்கூலுக்குப் போ."

நாலு இரண்டாயிரம் எட்டாயிரம். பதினோரு நாள் நான் தேடிய தொகையை அவர் ஒரே பெருக்கலில் போட்டுவிட்டார்.

என் முதல் வாடிக்கையாளர் வத்தலக்குண்டில் தேங்காய் மண்டி வைத்திருந்த பெருமாள்சாமி. அதற்கு முன் மாட்டுத் தரகர். அவர் இன்டர்நெட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பக்கத்து மண்டிக்காரன் ஒரு வலைத்தளம் வைத்துவிட்டான், அது போதாதா? பொம்பளைப் பிள்ளை தனியாக மண்டிக்குப் போவதா என்று அம்மா கேட்டதால் அப்பாவும் கூட வந்தார். குரல் நடுங்கக் கூடாதென்று பஸ்ஸில் வழி நெடுக எட்டாயிரம், எட்டாயிரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

மண்டியில் ஏழெட்டுப் பேர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்புட்டு ஆகும் தாயி?" என்றார் பெருமாள்சாமி. நான் வாயைத் திறந்தேன்.

"சத்தமாச் சொல்லாத. நாலு பேரு காதுல விழுகும்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "ஒரு வெரலு ஆயிரம்."

சந்தையில் பார்த்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலாலேயே மாட்டுக்கு விலை பேசுவார்கள். சரி என்று கையை நீட்டினேன். சூடு பட்டவர் போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பொம்பளப் பிள்ள கையத் தொட்டா வெல பேசுறது? வாத்தியாரே, நீங்க வாங்க."

கம்ப்யூட்டர் என்னுடையது, படிப்பு என்னுடையது, வரப்போகும் முதுகுவலியும் என்னுடையது. விலை பேச மட்டும் என் கை ஆகாதாம். அப்பாவின் காதில் "எட்டு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். துண்டு செத்த நேரம் அசைந்தது. பெருமாள்சாமியின் புருவம் ஏறியது, பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"பேரமே பேசலம்மா. தங்கமான மனுசன்" என்று திரும்பும்போது அப்பா பெருமைப்பட்டார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமையே அதில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள்.

ஐந்து வாரம் உழைத்தேன். அதில் ஒரு வாரம் போட்டோவில் பெருமாள்சாமியின் மீசையைக் கறுப்பாக்குவதிலேயே போனது. கடைசியில் அப்பாவோடு போய், மண்டிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். தேங்காயை அவர் பார்க்கவே இல்லை. மீசையைப் பார்த்துத் திருப்தியாகி, மண்டிக்குக் கூட்டிவந்து கவர் கொடுத்தார். உள்ளே மூவாயிரம் இருந்தது.

"ஐயா, எட்டாயிரம்ல பேசுனது?"

"எட்டா? வாத்தியாரு மொதல்ல அஞ்சு வெரலப் பிடிச்சாரு. நான் 'உம்'முனுகூடச் சொல்லல, அவராவே மூணுக்கு எறங்கிட்டாரு. நானும் எம்புட்டோ மாடு வித்திருக்கேன், இப்பிடி ஒரு மனுசனப் பாத்ததில்ல தாயி. பத்து வரைக்கும் போலாம்னுல நான் இருந்தேன்."

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்தைப் பிடித்து, அப்புறம் மூன்றைப் பிடித்திருக்கிறார். கணக்கு வாத்தியார் கூட்டியிருக்கிறார், தரகர் அதை இறக்கம் என்று எடுத்துக்கொண்டார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. எதிர் டீக்கடைக்கு நடந்தார். அவர் மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. அவர் முதுகைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

வேலையும் போச்சு, விலையும் போச்சு, இனி வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது. கல்லாப்பெட்டி மேல் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன்.

"என் வேலைக்கு என் கையில பேசுங்க ஐயா."

தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றது. பெருமாள்சாமி என் கையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். தொட்டால் ஊர் பேசும். தொடாவிட்டால் பேரத்துக்குப் பயந்த தரகர் என்று அதைவிட அதிகமாகப் பேசும்.

"துண்ட எடு தாயி. வாயாலயே சொல்லு."

"பத்து" என்றேன், மண்டிக்கே கேட்கும்படி.

"பத்தா?"

"நீங்கதான சொன்னீங்க, பத்து வரைக்கும் போலாம்னு."

உரித்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் கல்லாவைத் திறந்தார். "சரி, சரி. வாத்தியாரு கணக்குலயே முடிச்சுக்குவோம்" என்று மேலும் ஐயாயிரத்தை எண்ணி வைத்தார்.

டீக்கடையில் கூட்டம். என்னைப் பார்த்ததும் அப்பா எழுந்தார். எவ்வளவு கிடைத்தது என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் தன் கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினார்.

அடியில் கையை விட்டு அவருடைய ஐந்து விரலைப் பிடித்தேன். பிறகு மூன்று விரலைப் பிடித்தேன்.

அவர் முகம் இன்னும் தொங்கிப்போனது. "மூணேதானா?" என்றார்.

"கூட்டுங்கப்பா" என்றேன்.