பாறை அருகே சொன்னது

துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் அவள் வழிகாட்டி. மைக்கைப் பிடித்தால் கலங்கரை விளக்கம், பழைய கோட்டை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் மளமளவென்று வந்து விழும். இந்தக் கடற்பறவைகள் மாமியார் மாதிரி, நம் கையில் எதையும் விட்டுவைக்காது என்பாள். படகே சிரிக்கும்.

கறுப்புப் பாறையை நெருங்கும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். முந்தின வருஷம் அதே கம்பெனியின் படகு ஒன்று அங்கே மோதிக் கவிழ்ந்தது. இறந்தவர்களில் படகை ஓட்டியவனும் ஒருவன், அவளுடைய அண்ணன். விபத்து நடந்த இடம் எதுவென்று பயணிகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், இந்த சீசனில் மேலாளர் அதையும் சுற்றுலாவில் சேர்த்துவிட்டார். ஓட்டியவரின் அவசரத்தால் வந்த விபத்து என்று சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு.

சுக்கான் இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது என்று அண்ணன் அலுவலகத்தில் முறையிட்டு அலுத்துப்போனது அவளுக்குத் தெரியும். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. கல்லை விழுங்குவதுபோல் அந்த வாக்கியத்தை தினமும் சொன்னாள். கேள்விப்பட்ட அண்ணி, அன்றோடு இவர்கள் வீட்டுப் படி ஏறுவதை விட்டாள்.

ஒருநாள் காலை, பயணிகளோடு பயணியாக அண்ணி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். இறங்கிவிடும்படி இவள் மெல்லக் கெஞ்சினாள்.

"சண்டை போட வரல. நீ சொல்றத என் காதால கேக்கணும், அவ்ளோதான்" என்றாள் அண்ணி.

படகு கிளம்பியது. பறவைகளைப் பற்றிச் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாறை தெரிந்ததும் செல்போன்கள் உயர்ந்தன. இவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். மனப்பாடமான வாக்கியம் வாயில் வரவில்லை.

"இங்க செத்துப்போன படகோட்டி என்னோட அண்ணன்" என்றாள். "சுக்கான் சரியில்லன்னு எத்தனையோ தடவ சொன்னாரு. யாரும் காதுல போட்டுக்கல. அவரு அவசரப்படல."

உயர்ந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையோடு வந்த ஒருவர் மட்டும், இந்தப் படகின் சுக்கான் ஒழுங்காக இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டார். போன வாரம்தான் மாற்றினார்கள் என்று படகோட்டி சொன்ன பிறகுதான் அவர் பிடித்திருந்த கம்பியை விட்டார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கரைக்கு வந்ததும் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கத்தவில்லை. அடையாள அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். மறுநாளிலிருந்து படகுகள் பாறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டன. அண்ணனைப் பற்றி யாரும் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. சில வாரங்கள் அலைந்து, கடல் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

அங்கே விடுமுறை கிடைத்த ஒரு மதியம் வீட்டுக் கதவைத் திறந்தால், அண்ணி நின்றிருந்தாள்.

"அத்தை முழிச்சிருக்காங்களா?"

தலையசைத்து வழிவிட்டாள். அண்ணி உள்ளே போய், கட்டிலோரம் உட்கார்ந்து, மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.